பச்சை மூடி போட்ட டயர்கள்

பழைய மோட்டார்ஹோம் ஒன்றை, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியை, நாங்கள் வாங்கியபோது அதன் ஆறு டயர்களிலும் பச்சை நிற வால்வு மூடிகள் இருந்தன. விற்றவர் வண்டியைச் சுற்றிக் காட்டினார். குளிர்பெட்டிக்கு அரை நிமிடம், தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு நிமிடம். டயர் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். "எல்லாமே நைட்ரஜன். இனிமே காத்தைப் பத்தி நீங்க நினைக்கவே வேண்டாம்" என்றார்.

நானும் நினைக்கவில்லை. சரியாக நாலு மாதம் நினைக்கவில்லை.

அதன் பிறகு ஒரு விடியற்காலை. முந்தின இரவு வண்டியை நிறுத்திய இடத்தில் லேசான சரிவு. படுத்திருக்கும்போதே பின்பக்கம் ஒரு ஓரமாக இறங்கியிருப்பது போல ஒரு உறுத்தல். "தரைதான் சாய்வு, பேசாம தூங்குங்க" என்றாள் மனைவி. தூக்கம் போய்விட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எங்கள் வண்டிக்குப் பின்னால் இரட்டைச் சக்கரம். வெளி டயரின் வால்வு கைக்கு எட்டும். உள் டயருக்கு எட்டாது. அதற்கென்று ஒரு நீட்டுக் குழாய் போட்டு, வெளிச் சக்கரத்தின் ஓட்டை வழியாக இழுத்து, கிளிப் போட்டு மாட்டியிருப்பார்கள். மண்டியிட்டு, அழுத்தம் அளக்கும் கேஜை வைத்தேன். வெளி டயர் 97 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு). உள் டயர் 71. கேஜ்தான் பொய் சொல்கிறதோ என்று மறுபடி வைத்தேன். 70.

எழுந்து நின்று பார்த்தால் இரண்டு டயரும் ஒன்று போலத்தான் இருந்தன. இரட்டைச் சக்கரத்தின் சூழ்ச்சியே அதுதான். ஒன்று இளைத்தால் மற்றது அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு எதுவும் தெரியாது. கட்டையால் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அன்று தட்டிப் பார்த்தேன். 97-க்கும் 70-க்கும் என் காதுக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை.

கனரக டயர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. இருக்க வேண்டிய அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த நிலையில் ஓடிய டயரை, காற்றே இல்லாமல் ஓடிய டயராகத்தான் பாவிக்க வேண்டும். கழற்றி உள்ளே பார்க்காமல் அதில் மறுபடி காற்று ஏற்றக் கூடாது. பக்கச்சுவருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிகள் மடிந்து மடிந்து சோர்ந்துபோயிருக்கும். அழுத்தம் ஏறும்போது ஜிப் பிரிவது போல வரிசையாக அறுந்து டயர் வெடிக்கும். பக்கத்தில் குனிந்திருப்பவர் பிழைப்பது அதிர்ஷ்டம். எனக்கு இருக்க வேண்டியது 100. 80-ஐத் தாண்டிக் கீழே இறங்கி எத்தனை நாள் ஆயிற்று, எவ்வளவு தூரம் அப்படியே ஓட்டினேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பச்சை மூடியைப் பார்த்துக்கொண்டே நாலு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

கோளாறு என்ன என்றால், அந்த நீட்டுக் குழாய் வால்வுத் தண்டோடு சேரும் திருகு. பிற்பாடு சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தபோது அங்கே கடுகு கடுகாகக் குமிழ் கிளம்பியது. நைட்ரஜன் ரப்பருக்குள் ஊடுருவிக் கசிவது மெதுவாக இருக்கலாம். ஓட்டை என்று ஒன்று இருந்துவிட்டால் அது யாருக்கும் காத்திருக்காது. சொல்லப்போனால், நுண்ணிய ஓட்டை வழியாக வெளியேறுவதில் கனம் குறைந்த வாயுதான் முந்தும். காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29, நைட்ரஜனுக்கு 28. ஆக, ஓட்டையில் நைட்ரஜன் காற்றைவிட ஒன்றரை, இரண்டு சதவீதம் வேகமாகவே போகும். வித்தியாசம் சுண்டைக்காய்தான். இருந்தாலும் அன்று அதைக் கணக்குப் போட்டுப் பார்த்ததில் எனக்கு ஒரு கசப்பான திருப்தி.

அதிலிருந்துதான் இந்த நைட்ரஜன் விவகாரத்தைக் கொஞ்சம் கிண்டிப் பார்க்க ஆரம்பித்தேன். காசு கொடுத்து அடிக்க வேண்டிய ஒன்றா இது?

முதலில், அதன் பக்கம் இருக்கும் நியாயம். நாம் மூச்சு விடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், மிச்சத்தில் பெரும்பகுதி ஆர்கான். டயர் ரப்பர் நம் கண்ணுக்குத்தான் கெட்டி. வாயுக்களுக்கு அது மெல்லிய சல்லடை. அந்தச் சல்லடையில் ஆக்சிஜன் நைட்ரஜனைப் போல மூன்று நான்கு மடங்கு வேகமாகக் கடந்து போகிறது. எனவே ஆக்சிஜனை எடுத்துவிட்டால் டயர் மெதுவாக இளைக்கும். இதில் பொய் எதுவும் இல்லை.

எவ்வளவு மெதுவாக? கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 2006-ல் தொடங்கி ஒரு வருடம் இதைச் சோதித்தது. 31 மாடல் கார் டயர்கள், மாடலுக்கு இரண்டு. ஒன்றில் காற்று, ஒன்றில் நைட்ரஜன், இரண்டிலும் 30 பிஎஸ்ஐ. ஓட்டவில்லை, திறந்த வெளியில் ஒரு வருடம் சும்மா வைத்திருந்தார்கள். கடைசியில் அளந்தபோது காற்று டயர்கள் சராசரியாக 3.5 பிஎஸ்ஐ இழந்திருந்தன, நைட்ரஜன் டயர்கள் 2.2. வருடம் முழுவதற்குமாகச் சேர்த்து வித்தியாசம் 1.3 பிஎஸ்ஐ.

இந்தச் சோதனை மோட்டார்ஹோம்காரர்களுக்கு மற்றவர்களைவிட நெருக்கமானது. நம் வண்டிகளின் வாழ்க்கையே பெரும்பாலும் நின்றுகொண்டிருப்பதுதான். வருடத்தில் ஒன்பது பத்து மாதம் மூடி போட்டு நிற்கும், இரண்டு மாதம் ஓடும். ஆனால் கார் டயரின் 30 பிஎஸ்ஐ எண்ணை நம் 80-க்கோ 110-க்கோ நேரடியாகப் பெருக்கிக்கொள்ள முடியாது. அழுத்தம் கூடினால் உள்ளிருந்து தள்ளும் விசை கூடும். அதே சமயம் லாரி வகை டயர்களின் உள்பூச்சும் சுவரும் தடிமனானவை. எப்படிப் பார்த்தாலும் கசிவு நிற்பதில்லை, தள்ளிப்போகிறது. மாதம் ஒரு முறை கேஜ் வைப்பவனுக்கு அந்தத் தள்ளிப்போதலால் என்ன லாபம்? கேஜே வைக்காதவனுக்கு லாபம் இருப்பது போலத் தெரியும். என் கதை அங்கேதான் மாட்டிக்கொண்டது.

இரண்டாவது வாதம், நைட்ரஜன் சூட்டில் விரியாது என்பது. எத்தனை பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன்! நைட்ரஜனும் காற்றும் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தில் ஒரே விதிக்குத்தான் கட்டுப்படுகின்றன. கணக்கைப் போட்டே காட்டிவிடலாம். காலையில் 20 டிகிரி, கேஜ் 100 காட்டுகிறது. வெளிக்காற்றின் 14.7-ஐக் கேஜ் எண்ணாது என்பதால் உண்மையில் உள்ளே இருப்பது 114.7. ஓடி ஓடி டயருக்குள் 60 டிகிரி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வாயுக் கணக்கில் வெப்பநிலையோடு 273-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்; 60 டிகிரி 333 ஆகும், 20 டிகிரி 293. 114.7-ஐ 333-ஆல் பெருக்கி 293-ஆல் வகுத்தால் சுமார் 130.4; அதில் 14.7-ஐக் கழித்தால் கேஜில் 115, 116. இந்தக் கணக்கில் எந்த வாயு என்ற கேள்வியே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். காற்றானாலும் நைட்ரஜனானாலும் அதே 116. (இதனால்தான் சூடான டயரில் எண் கூடிவிட்டதே என்று பதறிக் காற்றை இறக்கக் கூடாது. ஆறியதும் அது தேவைக்குக் கீழே போய் நிற்கும்.)

டயர் குளிர்ச்சியாக ஓடும் என்பதும் அப்படியே. டயர் சூடாவது ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்வதால். உள்ளே இருக்கும் வாயு என்ன ஜாதி என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எரிபொருள் மிச்சம், சொகுசான ஓட்டம் என்பதெல்லாம் சரியான அழுத்தம் தரும் பலன்கள். நைட்ரஜனின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

ஆனால் ஒரு இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறினேன். தண்ணீர்.

71 காட்டிய அந்த டயரை ஒரு டயர் கடையில் கழற்றச் சொன்னேன். பழுது பார்ப்பவர் கூடவே முன்பக்க டயர் ஒன்றையும் கழற்றினார். அதில் எப்போதோ பஞ்சர் ஒட்டிய அடையாளம் இருந்தது. இரும்புப் பட்டையை உள்ளே விட்டு நெம்பி விளிம்பைத் தூக்கியதும், டயருக்குள்ளிருந்து ஒரு கையளவு பழுப்புத் தண்ணீர் அவருடைய செருப்பின் மேல் கொட்டியது. துரு வாசனை. ரிம்மின் உட்பக்கம், வால்வைச் சுற்றி, காபிப்பொடி தூவிய மாதிரி. எப்போதோ பஞ்சர் ஒட்டிய கடையில் கம்ப்ரசர் தொட்டியின் அடியில் தேங்கிய நீரை யாரும் திறந்துவிடவில்லை. அது காற்றோடு சேர்ந்து வந்து இறங்கிவிட்டது. எட்டு லிட்டர் காற்றை ஒரு லிட்டரில் திணித்தால் எட்டு லிட்டரின் ஈரமும் அந்த ஒரு லிட்டரில் ஆவியாகவே இருந்துவிட முடியாது. மிச்சம் தண்ணீராகப் பிரியும். எந்தக் கம்ப்ரசரிலும் இது நடக்கும். அதற்குத்தான் தொட்டியின் அடியில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள்.

டயருக்குள் துளித் தண்ணீர் தேங்கினால் மேலே போட்ட கணக்கு கெட்டுப்போகும். 20 டிகிரியில் தண்ணீர் ஆவியின் அழுத்தம் 0.3 பிஎஸ்ஐ சொச்சம். 60 டிகிரியில் கிட்டத்தட்ட 2.9. சூடாகச் சூடாகத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும் என்பதால், காய்ந்த வாயுவைவிட இரண்டரை பிஎஸ்ஐ கூடுதலாக ஏறும். பந்தயக் கார்க்காரர்கள் காய்ந்த வாயுவுக்கு இவ்வளவு மெனக்கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே அரை பிஎஸ்ஐகூட வண்டியின் பிடிப்பை மாற்றும். நம் ஏழெட்டு டன் வீட்டுக்கு அந்த இரண்டரை ஒரு பொருட்டில்லை. துரு பொருட்டுதான்.

நைட்ரஜன் வாங்கினால் காய்ந்த வாயு கூடவே கிடைக்கும், உண்மை. ஆனால் அப்போது நாம் காசு கொடுப்பது வறட்சிக்கு. அந்த வறட்சியை, தொட்டியைத் தினமும் வடிய விட்டு ஈரம் பிடிக்கும் வடிகட்டி வைத்திருக்கும் ஒழுங்கான எந்தக் கடையின் சாதாரணக் காற்றும் தந்துவிடும். இப்போதெல்லாம் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் நான் பார்ப்பது கம்ப்ரசரின் அடியைத்தான். தரையில் ஈரக்கறை இருந்தால் நல்லது. யாரோ திறந்துவிடுகிறார்கள் என்று அர்த்தம்.

என் மனைவியின் அண்ணன் விமானப் பராமரிப்பில் வேலை பார்த்தவர். நைட்ரஜனை ஆதரிப்பவர்கள் கடைசியில் எடுத்து வீசும் துருப்புச் சீட்டு விமானம்தான் என்பதால் அவரையே கேட்டேன்.

"மச்சான், பிளேன்ல நைட்ரஜன்தானே போடுறீங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்ப நானும் போடலாமே."

"மாப்ள, உன் வண்டி இருநூத்தி அம்பது கிலோமீட்டர் வேகத்துல வந்து தரையில இறங்குதா? பிரேக் பழுக்கச் சிவக்குதா?"

விமானத்தில் நைட்ரஜன் போடுவதன் காரணம் நெருப்பு. 1986 மார்ச் 31 அன்று மெக்ஸிகோவில் மெக்ஸிகானா நிறுவனத்தின் போயிங் 727 ஒன்று புறப்பட்ட சிறிது நேரத்தில் விழுந்தது. அதிலிருந்த 167 பேரும் இறந்தார்கள். பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகி, சக்கரம் உள்ளே மடங்கிய பிறகு டயர் வெடித்து, எரிபொருள் குழாய்களையும் மின்கம்பிகளையும் அறுத்துப் போட்டது. அந்த டயரில் இருந்தது நைட்ரஜன் அல்ல, காற்று. பெரும் சூட்டில் டயரின் உள்பூச்சிலிருந்து கிளம்பும் ஆவிகள் ஆக்சிஜனோடு சேர்ந்தால் டயரே ஒரு குண்டு. அடுத்த வருடம் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், பெரிய பயணிகள் விமானங்களில் பிரேக் உள்ள சக்கரங்களின் டயருக்குள் ஆக்சிஜன் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவிட்டது. அதன் நியாயம் அங்கே முழுசாக நிற்கிறது. மலைச்சரிவில் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவர்களுக்கு வேண்டுமானால் கொஞ்சம் ஒட்டலாம். ஆனால் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது கியரில் இறங்குவது.

மச்சான் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு அதைவிடப் பிடித்தது. கடைகளில் இருக்கும் நைட்ரஜன் இயந்திரங்களில் ஒரு வகை, சாதாரணக் காற்றை மெல்லிய பாலிமர் இழைகளின் வழியாக அனுப்புகிறது. ஆக்சிஜனும் ஈரமும் இழையின் சுவரைத் துளைத்து வேகமாக வெளியேறிவிட, நைட்ரஜன் உள்ளே தங்கிவிடுகிறது. யோசித்துப் பாருங்கள், டயரும் இதையேதான் செய்கிறது. சாதாரணக் காற்றை அடித்துவிட்டால் ஆக்சிஜன் முந்திக்கொண்டு கசியும். குறைந்ததை நிரப்பினால் அதிலும் ஆக்சிஜன் முதலில் கிளம்பும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில், ஒழுங்காகக் காற்று நிரப்பப்படும் டயருக்குள் நைட்ரஜன் பங்கு தானாகவே ஏறிக்கொண்டு போகும். ரொம்ப மந்தமான, இலவசமான நைட்ரஜன் இயந்திரம்.

சுத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. நைட்ரஜன் அடிப்பதற்கு முன் டயரைக் காலி செய்தாலும் உள்ளே வெற்றிடம் வந்துவிடாது. வெளியே உள்ள அழுத்தத்தில் சாதாரணக் காற்று நிற்கும். 95 சதவீதச் சுத்தத்தில் 100 பிஎஸ்ஐ ஏற்றினால் கடைசியில் டயருக்குள் ஆக்சிஜன் 7 சதவீதம் வரும். கலப்படமே இல்லாத நைட்ரஜன் என்றால் 2.7. கார் டயரோடு ஒப்பிட்டால் நம் டயர்களுக்கு இது சாதகம், அழுத்தம் கூடுதல் என்பதால் ஒரே தடவையில் நல்ல சுத்தம் வந்துவிடுகிறது. அதே காரணத்தால், வழியில் 95-க்கு இறங்கிய நைட்ரஜன் டயரில் ஐந்து பிஎஸ்ஐ சாதாரணக் காற்றை அடித்தால் ஆக்சிஜன் ஒரு சதவீதம்கூடக் கூடாது. "கலந்துவிடும், கெட்டுவிடும்" என்று பயந்து, நைட்ரஜன் கடையைத் தேடிக் குறைந்த காற்றோடு ஓட்டிப் போகிறார்களே, அவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. குறைந்த காற்றோடு ஓடும் அந்தத் தூரம், கலந்துவிடுவதைவிடப் பல மடங்கு கெடுதல்.

நைட்ரஜனுக்கு உண்மையிலேயே வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் கடையில் சொல்வதில்லை என்பது வேடிக்கை.

மோட்டார்ஹோம் டயர்கள் தேய்ந்து சாவதில்லை, மூத்துச் சாகின்றன. பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர்க் கட்டைகள், புதுசு போல இருக்கும், ரப்பர் உள்ளுக்குள் காய்ந்திருக்கும். அதில் ஒரு பங்கு, அழுத்தத்தோடு உள்ளே அடைபட்ட ஆக்சிஜனின் வேலை. அது உள்பூச்சைக் கடந்து, எஃகுப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் ரப்பருக்குள் நுழைந்து அதை மெதுவாக விறைக்க வைக்கிறது. ஆராய்ச்சிக்கூடங்களில் டயரைச் சீக்கிரம் மூப்படையச் செய்ய, பாதி ஆக்சிஜன் பாதி நைட்ரஜன் கலந்த வாயுவை நிரப்பி அடுப்பில் வைப்பார்கள். ஆக்சிஜன் கூடினால் மூப்பு வேகமாகும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அப்படியானால் ஆக்சிஜனைக் குறைத்தால் மூப்பு தள்ளிப்போகும்தானே? போகும். ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் அந்த லாபத்தை எப்படிக் கைக்குக் கொண்டுவருவது? வெளியே வெயிலும் ஓசோனும் பக்கச்சுவரைத் தின்றுகொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு உள்ளே என்ன வாயு என்று தெரியாது. நைட்ரஜன் அடித்தால் மூன்று வருடம் கூடுதலாக ஓட்டலாம் என்று எந்த டயர் கம்பெனியும் எழுதித் தந்து நான் பார்த்ததில்லை. ஆகவே நைட்ரஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே வயதில்தான் மாற்றப்போகிறேன். ஐந்து வயதுக்கு மேல் வருடா வருடம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து வயதானால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் கழற்றிவிட வேண்டும். பல மோட்டார்ஹோம்காரர்கள் ஆறேழு வருடத்திலேயே மாற்றிவிடுகிறார்கள். வயதைக் கண்டுபிடிப்பது எளிது. பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2213 என்றால் 2013-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம்.

என் வண்டியில் அந்த எண் கண்ணில் படவே இல்லை. சில டயர்களில் முழு எண் ஒரு பக்கச்சுவரில்தான் இருக்கும், அந்தப் பக்கம் உள்நோக்கி இருந்தால் வண்டிக்கு அடியில் படுத்தால்தான் தெரியும். படுத்துப் பார்த்தேன். ஆறு டயர்களுக்கும் ஒன்பது வயது. பச்சை மூடி மட்டும் புதுசு.

ஆறையும் மாற்றினேன். புது டயர் மாட்டும்போது கடைக்காரர் கேட்டார், நைட்ரஜன் போட்டுவிடலாமா என்று. டயருக்கு இவ்வளவு என்றார். அதை ஆறால் பெருக்கிப் பார்த்தேன். அதோடு, வழியில் குறையும்போது நைட்ரஜன் எங்கே கிடைக்கும், கிடைத்தாலும் இந்த உயரமான வண்டி அந்தக் கூரைக்குள் நுழையுமா, கார்களுக்கு வைத்த இயந்திரம் 100-ஐத் தொடுமா என்பதையும் சேர்த்துப் பார்த்தேன். வேண்டாம் என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. அவருடைய கம்ப்ரசருக்கு அடியில் நல்ல ஈரக்கறை இருந்தது என்பதால் அவர்மேல் எனக்கு மரியாதை குறையவில்லை.

அந்தக் காசை வேறு வழியில் போட்டேன். பெரும்பகுதி, பின்னால் இருக்கும் ரப்பர் நீட்டுக் குழாய்களை எறிந்துவிட்டு விறைப்பான உலோக நீட்டிப்புகளை மாட்டியதில் போயிற்று. சின்ன வண்டி வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கார்களில் வரும் சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்குமானது. ஐரோப்பாவில் மோட்டார்ஹோமுக்கென்றே வரும் சிபி எழுத்துப் போட்ட டயர்களைப் பின்னால் 5.5 பாருக்கு, அதாவது 80 பிஎஸ்ஐக்கு, அடிப்பவர்கள் ரப்பர் வால்வோடு ஓட்டினால் வாயு எதுவாக இருந்தும் பயனில்லை.

அடுத்தது எடைமேடை. டயரின் மேல் எழுதியிருக்கும் அழுத்தம் அந்த டயர் தாங்கும் உச்ச பாரத்துக்கானது. என் வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்பதை என் வண்டியின் எடைதான் சொல்லும். தண்ணீர், சாமான், ஆள் எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் ஒவ்வொரு பக்கமாக நிறுத்தி எடுத்தோம். பின்பக்கம் வலது ஓரம் இடதைவிட நல்ல கனம். அடுப்படியும் தண்ணீர்த் தொட்டியும் அந்தப் பக்கம், இத்தனை மாதம் அது எனக்கு உறைக்கவே இல்லை. கனமான பக்கத்துக்கு டயர் கம்பெனியின் பார அட்டவணை சொல்லும் அழுத்தத்தை அந்த அச்சின் எல்லா டயருக்கும் வைக்க வேண்டும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு வால்விலும் திருகும், அழுத்தத்தை அளக்கும் உணரியும் ஓட்டுநர் முன்னால் ஒரு சின்னத் திரையும். அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதல் 10,000 பவுண்டு, அதாவது 4,536 கிலோ வரையிலான புது வண்டிகளில் இந்தக் கண்காணிப்பு கட்டாயம். பெரிய மோட்டார்ஹோம்கள் அந்த எடைக்கு மேலே போய்விடுவதால் சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. நாமே வாங்கி மாட்ட வேண்டியதுதான். உள் டயர் 71-க்கு இறங்கியதை நைட்ரஜன் எனக்குச் சொல்லவில்லை. இது 85-லேயே கத்தியிருக்கும்.

யாராவது இலவசமாக நைட்ரஜன் அடித்துக் கொடுத்தால் மறுக்காதீர்கள். புது டயரோடு சேர்த்தே வந்தாலும் சரி, வேண்டாம் என்று அடம்பிடிக்க ஒன்றுமில்லை. டயருக்கு அதனால் துளிக் கெடுதலும் கிடையாது. வீட்டிலேயே சிலிண்டர் வைத்திருக்கும் வெல்டிங்காரர் ஒருவரைத் தெரியும், அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி போட்டுத் தன் வண்டிக்குத் தானே அடித்துக்கொள்கிறார். அவருக்கு அது வசதி. காசு கொடுத்து, வழியெல்லாம் அதைத் தேடிக்கொண்டு போகிற அளவுக்கு அதில் சரக்கு இல்லை என்றுதான் சொல்கிறேன்.

பச்சை மூடிகள் ஆறும் கருவிப்பெட்டியில் கிடந்தன. அதில் இரண்டு எங்கேயோ தொலைந்துவிட்டன. பயணத்தில் இருக்கும்போது, வெயில் டயர்மேல் விழுவதற்கு முன் இறங்குகிறேன். உணரி இருந்தாலும் வாரம் ஒரு முறையாவது கையால். மனைவி படியில் உட்கார்ந்து நோட்டில் எழுதுகிறாள். நான் மண்டியிட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறேன்.

"உள் இடது?"

"தொண்ணூத்தெட்டு."

"போன வாரமும் அதானே?"

"அதான்."

"எதுக்கும் இன்னொரு தடவை வச்சுப் பாருங்க."